பதினேழு வயதுக்காரனுக்கு எந்த நீதிமன்றம்?

"ஏம்மா, வெட்டத் தெரிஞ்சவனுக்கு, வெட்டுனா ஆளு செத்துருவான்னு தெரியாதா?"

இளைஞர் நீதிக் குழுமத்தில் சமூகப் பணி உறுப்பினராக இருந்த காலத்தில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் கேட்டார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார். கொலையுண்டவரின் அண்ணனும் கேட்டார். முதல் இருவரிடமும் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். அந்த அண்ணனிடம் முடியாது. தம்பியைக் கொன்றவன் மூன்று வருஷத்தில் திரும்பி வந்து அதே டீக்கடையில் நிற்பானா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். சட்டம் எந்தப் பிரிவில் என்ன சொல்கிறது என்பது அவருக்கு எதற்கு?

கேள்விக்கு விடை எளிது: தெரியும். பதினேழு வயதில் அது தெரியாத பையனை நான் பார்த்ததில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். சிக்கல் எங்கே என்றால், நம் சட்டமும் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் கேட்கிறது. யாரைக் கேட்டாலும் ஒரே விடை வரும் கேள்வியை வைத்துக்கொண்டு ஒருவனை இந்தப் பக்கமும் இன்னொருவனை அந்தப் பக்கமும் எப்படிப் பிரிப்பது?

2012 டிசம்பர் 16 அன்று டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கூட்டுப் பாலியல் கொடுமையில் கைதான ஆறு பேரில் ஒருவனுக்குப் பதினெட்டு நிறையச் சில மாதங்கள் இருந்தன. அன்றைய சட்டப்படி அவனுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லம். 2015 டிசம்பர் 20-ஆம் தேதி வெளியே வந்தான். நாடு கொதித்தது. இரண்டே நாளில், டிசம்பர் 22 அன்று, மாநிலங்களவை புதிய இளைஞர் நீதிச் சட்டத்தை நிறைவேற்றியது. 2016 ஜனவரி 15 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. டெல்லி சம்பவத்தை ஒட்டி அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு, சிறார் வயதைக் குறைக்க வேண்டாம் என்று 2013 ஜனவரியிலேயே சொல்லியிருந்தது. கோபம் சூடாக இருக்கும்போது குழு அறிக்கையை யார் புரட்டுகிறார்கள்?

புதிய சட்டமும் வயதைக் குறைக்கவில்லை. பதினெட்டு வரை சிறார்தான். ஆனால் ஒரு கதவைத் திறந்து வைத்தது. பதினாறு நிறைந்து பதினெட்டு நிறையாதவன் மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், குழுமம் மூன்று மாதத்துக்குள் 'முதல்நிலை மதிப்பீடு' செய்ய வேண்டும். குழுமம் என்பது ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். 15-ஆம் பிரிவு மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: குற்றத்தைச் செய்யும் உடல், மன வலு அவனுக்கு உண்டா, விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் உண்டா, எந்தச் சூழ்நிலையில் அதைச் செய்ததாகச் சொல்லப்படுகிறது. பெரியவனாக வைத்து விசாரிக்கலாம் என்று தோன்றினால் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே செஷன்ஸ் நீதிபதி மறுபடி யோசித்து முடிவெடுப்பார்.

அனுப்பிய மறுநாளே பையனைப் புழலிலோ பாளையங்கோட்டையிலோ பூட்டிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இருபத்தொரு வயது வரை அவனைச் சிறையில் வைக்க முடியாது. அதற்கென்று தனி இடம் உண்டு. வேலூர் காகிதப்பட்டறையில் இருக்கும் அரசினர் பாதுகாப்பு இல்லம் அப்படிப்பட்டது. இருபத்தொன்று ஆனதும் நீதிமன்றம் அவன் திருந்தியிருக்கிறானா என்று பார்த்து, வெளியே விடலாம். மிச்சத் தண்டனைக்குச் சிறைக்கும் அனுப்பலாம். தூக்கு கிடையாது. விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. ஆனால் இன்னொன்று உண்டு, அதைத் தாய்மார்களுக்கு விளக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. குழுமத்திலேயே முடிந்த வழக்கு அவன் மேல் கறையாக ஒட்டாது, பதிவேடுகள் உரிய காலத்தில் அழிக்கப்படும். பெரியவனாக விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டவனுக்கு அந்தச் சலுகை இல்லை. பாஸ்போர்ட், அரசு வேலை, போலீஸ் வெரிஃபிகேஷன் என்று எங்கே போனாலும் கூடவே வரும்.

இந்தப் பதினாறு, பதினெட்டு எல்லாம் எந்தக் காகிதத்தில் நிற்கிறது தெரியுமா? பள்ளிச் சான்றிதழில். வயதுக்குச் சட்டம் முதலில் கேட்பது அதைத்தான். இல்லாவிட்டால் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்று, அதுவும் இல்லாவிட்டால் எலும்புப் பரிசோதனை. நான் ஆசிரியையாக இருந்தவள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது ஐந்து வயது காட்டுவதற்காகத் தலைமையாசிரியர் கணக்குப் போட்டு எழுதிய தேதிகள் எங்கள் பதிவேடுகளில் வரிசையாக இருக்கும்; பாதி ஊர் மே மாதத்தில் பிறந்ததாக இருக்கும். ஒரு அம்மா பிளாஸ்டிக் கவரில் இருந்து டி.சி.யை எடுத்து நீட்டிவிட்டு, "சார் எழுதிக் குடுத்த தேதிம்மா, இவன் ஐப்பசி மழையில பொறந்தவன்" என்றார். ஐப்பசியாக இருந்தால் சம்பவத்தன்று அவனுக்குப் பதினாறு நிறையவில்லை. மே மாதமாக இருந்தால் நிறைந்துவிட்டது.

அடுத்தது, எது கொடுங்குற்றம் என்பது. குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றம்தான் கொடுங்குற்றம். கொலை அதில் வரும், பாலியல் வன்கொடுமை வரும். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இராது. ஆனால் இந்தச் சல்லடையில் வேறு என்னென்ன தங்குகிறது, என்னென்ன விழுந்துவிடுகிறது என்று பார்த்தால் தலை சுற்றும். அரிவாளால் வெட்டி, ஆள் பிழைத்துக்கொண்டால் அது கொலை முயற்சி. அதற்கு ஆயுள் வரை கொடுக்கலாம்; ஆனால் குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லாததால் அந்தப் பிரிவு மட்டும் இருந்தால் அது கொடுங்குற்றம் ஆகாது. கத்தியைக் காட்டி ஒருவரின் செல்போனைப் பிடுங்கினால், ஆயுதத்தோடு கொள்ளை, குறைந்தபட்சம் ஏழு ஆண்டு, கொடுங்குற்றம். யாரோ கொடுத்தனுப்பிய பையில் இருபது கிலோவுக்கு மேல் கஞ்சா இருந்தால் குறைந்தபட்சம் பத்து ஆண்டு, கொடுங்குற்றம். பதினேழு வயதுப் பையனும் பதினாறு வயதுப் பெண்ணும் ஓடிப்போய்ச் சேர்ந்து வாழ்ந்தால் போக்சோ, அதுவும் குறைந்தபட்சம் பத்து ஆண்டு, கொடுங்குற்றம்.

கடைசி வகைதான் எங்கள் மேசைக்கு ஓயாமல் வந்தது. ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஊரையும் விவரங்களையும் மாற்றித்தான் சொல்ல முடியும்; சிறாரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது 74-ஆம் பிரிவு, எனக்கும் அதில் முழுச் சம்மதம். பதினொன்றாம் வகுப்புப் பெண்ணோடு திருப்பூருக்குப் போய், பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, வாடகைக்கு அறையும் பிடித்துவிட்டான் ஒருவன். பஸ் செலவுக்குத் தன் போனை விற்றிருந்தான். வந்த உளவியல் அறிக்கையில் அதைத் 'திட்டமிடும் திறன் உள்ளது' என்று எழுதியிருந்தார்கள். அறை பிடித்ததை 'விளைவுகளை அறிந்தே செயல்பட்டுள்ளார்' என்று எழுதியிருந்தார்கள். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடைகள்தான். வழக்கைக் குழுமத்திலேயே வைத்துக்கொண்டோம். இத்தகைய காதல் விவகாரங்களைத் தண்டிப்பது போக்சோவின் நோக்கமல்ல என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கையே ரத்து செய்தது அந்த நேரத்தில் எங்களுக்குத் தைரியம் தந்தது.

புனேயில் 2024 மே மாதம் சொகுசுக் காரை ஓட்டி இரண்டு இளைஞர்களைக் கொன்ற பதினேழு வயதுக்காரன் விஷயமும் இந்தச் சல்லடையில்தான் மாட்டியது. முந்நூறு சொல்லில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அவனைப் பெரியவனாக விசாரிக்கும் கோரிக்கையை 2025 ஜூலையில் அங்கிருந்த குழுமம் மறுத்தபோது எழுந்த கூச்சலில் ஒரு விஷயத்தை மறந்துவிட்டார்கள். கொலையாகாத மரணம் விளைவித்தலுக்குச் சட்டத்தில் ஏழாண்டு குறைந்தபட்சம் இல்லை. டெல்லியில் 2016-இல் நடந்த இன்னொரு கார் விபத்து வழக்கில், குறைந்தபட்சம் ஏழு ஆண்டு இல்லாத குற்றம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் கொடுங்குற்றம் ஆகாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. புனேயில் ரத்த மாதிரியை மாற்றியதாக வழக்குப் போடப்பட்டிருப்பது வயது வந்தவர்கள் மேல். என் கோபமெல்லாம் அவர்கள் பக்கம்தான்.

மதிப்பீடு எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். நீங்கள் சினிமாவில் பார்த்த கோர்ட் அல்ல இது. உயர்ந்த மேடை இல்லை, கறுப்பு அங்கி இல்லை, போலீஸ்காரர் சாதா உடையில் வருவார். பையன் எதிரே நாற்காலியில் உட்காருவான். நன்னடத்தை அலுவலர் அவன் வீடு, பள்ளி, தெரு எல்லாம் விசாரித்துச் சமூகப் பின்னணி அறிக்கை தருவார். மாவட்டம் முழுக்க ஓடுகிறவர் அவர். நல்லவர் கிடைத்தால் அறிக்கையில் அந்தப் பையன் நடமாடுவான், இல்லாவிட்டால் பெயரை மட்டும் மாற்றிய பழைய அறிக்கை வரும். உளவியலாளர் அரசு மருத்துவமனையில் இருந்து வர வேண்டும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய வாசலில் அன்றைக்கு நாற்பது பேர் நிற்கிறார்கள். நடுவில் பினே-காமத் நுண்ணறிவுச் சோதனையை நடத்தி, ஒரு எண்ணைப் போட்டு, 'மனநோய் அறிகுறி இல்லை, விளைவுகளை உணரும் திறன் உண்டு' என்று எழுதிக் கொடுப்பார். அந்த எண் அவன் புதிர் போடும் திறனைச் சொல்லும். கூட்டாளி நாலு பேர் பைக்கில் வந்து "ஏறுலே" என்று கூப்பிட்டபோது ஏறாமல் இருக்க அவனால் முடிந்திருக்குமா என்பதைச் சொல்லாது.

இந்த இரண்டும் வேறு வேறு என்பதை அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் மார்கோ கார்ட்னரும் 2005-இல் காட்டினார்கள். கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைத் தனியாகவும் கூட்டாளிகள் பக்கத்தில் இருக்கும்போதும் ஆடச் செய்தார்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் பதின்வயதினர் துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். முதிர்ந்தவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. நிதானமாக உட்கார்ந்து யோசிக்கும் திறன் பதினாறு வயதுக்குள் ஏறக்குறைய வந்துவிடுகிறது. சூடேறிய நேரத்தில் தன்னைப் பிடித்து நிறுத்தும் திறன் இருபதுகளில்தான் முழுசாக வருகிறது. நாங்களோ ஏ.சி. அறையில், மாதக்கணக்கு கழித்து, அவனைத் தனியாக உட்கார வைத்து, "தம்பி, அப்படிச் செஞ்சா என்ன ஆகும்னு தெரியுமா?" என்று கேட்டோம். "தெரியும் டீச்சர்" என்றான். எழுதிக்கொண்டோம்.

இதைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று. மதிப்பீட்டு நாளில் அவன்தான் செய்தான் என்பது நிரூபணமாகியிருக்காது. சட்டமே 'மதிப்பீடு என்பது விசாரணை அல்ல' என்கிறது. செய்தானா என்று தெரியாத ஒன்றை எந்த மனநிலையில் செய்தான் என்று கேட்கிறோம். அவன் என்ன பதில் சொன்னாலும் மாட்டிக்கொள்வான். குருகிராமில் 2017 செப்டம்பரில் பள்ளிக்குள் ஏழு வயதுச் சிறுவன் கொல்லப்பட்டபோது போலீஸ் முதலில் பிடித்தது பஸ் நடத்துநரை. ஒப்புக்கொண்டுவிட்டார் என்றார்கள். பிறகு சி.பி.ஐ. வந்து அதே பள்ளியின் பதினொன்றாம் வகுப்பு மாணவனைப் பிடித்தது; நடத்துநர் விடுவிக்கப்பட்டார். அந்த டிசம்பரிலேயே மாணவனைப் பெரியவனாக விசாரிக்கலாம் என்று குழுமம் முடிவெடுத்தது. அறிக்கைகளைப் பார்த்துப் பதில் சொல்ல அவன் தரப்புக்கு உரிய வாய்ப்பு தரவில்லை, மதிப்பீடும் போதாது என்று உயர் நீதிமன்றம் அதைத் திருப்பி அனுப்பியது. 2022 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டு, குழுமத்தில் குழந்தை உளவியல் படித்தவர் இல்லையென்றால் நிபுணரின் உதவி கட்டாயம் என்றது. சட்டத்தில் 'உதவி பெறலாம்' என்றுதான் இருக்கிறது. ஏறக்குறைய ஐந்தாண்டு கழிந்த அந்த நாளிலும் பிள்ளையை இழந்த குடும்பத்துக்கு எந்த நீதிமன்றம் என்பதே முடிவாகியிருக்கவில்லை.

அமெரிக்கர்கள் இந்தப் பாதையில் நமக்கு ரொம்ப முன்னால் போனவர்கள், அடிபட்டவர்களும் கூட. 1899-இல் சிகாகோவில் சிறாருக்குத் தனி நீதிமன்றம் தொடங்கினார்கள். (நம்மிடமும் சிறார் சட்டம் முதலில் வந்தது மதராஸ் மாகாணத்தில், 1920-இல்.) வாஷிங்டனைச் சேர்ந்த பதினாறு வயது மோரிஸ் கென்ட்டை ஒரு நீதிபதி விசாரணையே வைக்காமல் பெரியவர்கள் நீதிமன்றத்துக்குத் தள்ளிவிட, அப்படிச் செய்யக் கூடாது என்று 1966-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் பின்னிணைப்பில் எட்டு அளவுகோல்கள் இருக்கின்றன. எட்டாவதைப் படித்தபோது நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். மக்களுக்குப் போதுமான பாதுகாப்பு கிடைக்குமா, சிறார் நீதிமன்றத்தின் கையில் இருக்கும் வசதிகளைக் கொண்டு இவனைத் திருத்த வாய்ப்பு உண்டா என்று கேட்கிறது அது. நம் 15-ஆம் பிரிவின் மூன்று கேள்விகளும் நடந்துபோனதைப் பற்றியவை. இனி நடக்கப்போவதைப் பற்றி ஒன்றுகூட இல்லை. அந்தக் கேள்வி நம் சட்டத்திலும் வருகிறது, ஆனால் தண்டனை கொடுத்து, அவனுக்கு இருபத்தொன்று ஆன பிறகு.

பிறகு அமெரிக்கர்களே அதை மறந்தார்கள். 1978-இல் நியூயார்க் சுரங்க ரயிலில் பதினைந்து வயது வில்லி பாஸ்கெட் இருவரைச் சுட்டுக் கொன்றதும், அந்த மாநிலம் பதின்மூன்று வயதுக் கொலையாளியைக்கூடப் பெரியவனாக விசாரிக்கச் சட்டம் போட்டது. பின்னால் மற்ற மாநிலங்களும் கடுமை காட்டின. பலன்? 2007-இல் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையங்கள் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, பெரியவர்கள் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்ட சிறார் மறுபடி குற்றத்தில் கைதாவது, சிறார் நீதிமன்றத்திலேயே வைத்துக்கொள்ளப்பட்டவர்களைவிட சுமார் 34 சதவீதம் அதிகம். அந்த அண்ணனுக்கு நான் சொல்ல விரும்பிய விடை இந்த எண்ணில்தான் இருக்கிறது. அன்று என்னால் சொல்ல முடியவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் சதவீதம் பேசுவது அசிங்கம்.

இதற்காக யாரையும் எப்போதும் மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றலாம் என்று நானே கையெழுத்திட்ட வழக்கு உண்டு. பதினெட்டுக்கு இரண்டு மாதம் குறைவு. ஏற்கெனவே சிறப்பு இல்லத்தில் இருந்து வந்தவன். கூலிக்குச் செய்த கொலை. ஆளை நாள்கணக்கில் நோட்டம் பார்த்திருந்தான், வெட்டிய பின் எந்த ஊர் லாட்ஜில் தங்குவது என்பது வரை ஏற்பாடு. "டீச்சர், எனக்கு மூணு வருஷம்தானே?" என்று என்னிடமே கேட்டான். அதைக் கேட்டு நான் கோபத்தில் கையெழுத்துப் போடவில்லை. எங்கள் கையில் மிச்சமிருந்த மூன்று ஆண்டில், அவனை ஏற்கெனவே ஒருமுறை திருப்பி அனுப்பிய அதே இல்லத்தில், புதிதாக என்ன செய்துவிட முடியும் என்று யோசித்தேன். விடை கிடைக்கவில்லை.

'மூணு வருஷம்தான்' என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருவர் இருந்தார். சிறாரைக் குற்றத்துக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் தர 83-ஆம் பிரிவு வழி செய்கிறது. அந்தக் குற்றப்பத்திரிகையில் அந்தப் பிரிவு இல்லை. நான் பார்த்த மற்றவற்றிலும் அதைக் காண்பது அபூர்வம். பெரியவனையும் சிறுவனையும் ஒன்றாக விசாரிக்கக் கூடாது என்பதால் வழக்கு இரண்டாகப் பிரிந்து, கிராமத்துச் சாட்சி இரண்டு இடத்துக்கு அலைந்து இரண்டு முறை சொல்கிறார். இரண்டுக்கும் இடையில் ஒரு சொல் பிசகினால் வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். தப்பிப்பது பெரும்பாலும் அண்ணன்தான்.

என்னைக் கேட்டால் இப்படி மாற்றுவேன். முதலில் செய்தானா என்பதைக் குழுமம் முடிவு செய்யட்டும். செய்தான் என்றான பிறகு, கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற சிலவற்றுக்கு மட்டும், இவனை என்ன செய்வது என்ற கேள்வி எழட்டும். ஓடிப்போன ஜோடிகளை அந்தப் பட்டியலில் இருந்து எடுத்துவிடட்டும். அப்போது, அவனுக்குத் தெரியுமா என்பதோடு நிறுத்தாமல், நம்மிடம் இருக்கும் காலத்தில் நம்மிடம் இருக்கும் ஆட்களைக் கொண்டு இவனை மாற்ற முடியுமா, முடியாது என்றால் ஏன் என்று குழுமம் எழுதட்டும்.

என் தோழி, வழக்கறிஞர், இதைக் கேட்டுச் சண்டைக்கு வந்துவிட்டாள். "நீங்க ஏழைப் பையன் தலையில கல்லைப் போடுறீங்க. இல்லம் நல்லா இல்லைன்னா அது அவன் தப்பா? செங்கல்பட்டுல என்ன நடந்துச்சு?" என்றாள். 2022-இன் கடைசி நாள்களில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் பேட்டரி திருட்டு வழக்கில் கொண்டுவரப்பட்ட பதினேழு வயதுப் பையன் அடித்தே கொல்லப்பட்டான். இல்ல ஊழியர்கள் கைதானார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. அப்படிப்பட்ட இடங்களை வைத்துக்கொண்டு 'திருத்த முடியுமா' என்று கேட்டால் எல்லோருக்கும் 'முடியாது' என்றுதான் வரும், அரசின் குறைக்குப் பையன் சிறைக்குப் போவான் என்பது அவள் வாதம். பலமான வாதம்தான். நான் சொன்ன பதில்: இப்போதும் அதே குறையோடுதான் அனுப்புகிறோம், ஆனால் உத்தரவில் 'விளைவை உணரும் திறன் உண்டு' என்று எழுதி அனுப்புகிறோம். அதற்குப் பதிலாக, 'இவனோடு வாரம் ஒரு மணி நேரம் பேச எங்களிடம் உளவியலாளர் இல்லை, தொழில் கற்றுத்தர ஆள் இல்லை, அந்தப் பணியிடம் காலியாக இருக்கிறது' என்று மாஜிஸ்திரேட் கையெழுத்தோடு எழுதட்டும். மேல்முறையீட்டில் அதைப் படிக்கும் நீதிபதி பையனின் வக்கீலைக் கேட்க மாட்டார். அரசு வக்கீலைக் கேட்பார். தோழி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.